வெள்ளைச் சேலை அம்மன்

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்கும், மளிகைக் கடைக் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய லட்சுமிக்கும் நடுவே ஒரு சீனத்துச் சாமி வந்து நின்றதற்குக் காரணம் என் அத்தை. அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. மலாய் நாட்டு மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். எழுபதுகளின் பின்பாதி அது. ஆடித் திருவிழா முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் என்கிற ஊர்ப் பக்கம் விறகு பொறுக்கப் போனவள், இடுப்பில் கட்டும் சாக்குத் துணியில் எதையோ சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

கியா பார்ம் போகிற வழியில் ரோடு வளைகிற இடத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. சீனர்கள் வீடு மாறினாலும் சரி, சிலை உடைந்தாலும் சரி, சாமியைக் குப்பையில் போடமாட்டார்கள். அந்த மரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிவந்த முகமும் நீண்ட தாடியுமாக ஒருவர், தொப்பையைத் திறந்துபோட்டுச் சிரிக்கிற ஒருவர், மூக்கு உடைந்த குதிரை ஒன்று என்று அங்கே ஒரு கூட்டமே மழையில் நனைந்துகொண்டிருக்கும். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், கிட்டே போகமாட்டார்கள். அத்தை போயிருக்கிறாள், தொட்டுத் தூக்கியும் வந்துவிட்டாள்.

சாக்கைப் பிரித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். முழங்கை உயரத்தில் வெள்ளைப் பீங்கான் பொம்மை. தாமரைப் பூவின் மேல் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் முக்காடு, அங்கிருந்து பாதம் வரை ஒரே வெள்ளைத் துணி. ஒரு கையில் சின்னச் சொம்பு, மறு கையில் இலைக்கொத்து. இலை பிடித்த கையின் சுண்டுவிரல் உடைந்து போயிருந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "தாலியறுத்தவ மாதிரில்ல இருக்கா. இதப் போயி வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கியே."

"ஆமா அண்ணி, அதனாலதான் தூக்கிட்டு வந்தேன்" என்றாள் அத்தை.

அத்தையின் கணவர் தோட்டத்து லாரியில் கிளீனராக இருந்தவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே மலையிறங்கும் தாப்பா ரோட்டு வளைவு ஒன்றில் லாரி உருண்டு, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்கு அப்போது என் அக்காவின் வயதுகூட இல்லை. அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பாசத்தில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. தீபாவளிக்குப் பிரிஞ்சாங் துணிக்கடையில் எங்களுக்கெல்லாம் கலர் கலராக எடுக்கும்போது, அத்தைக்கும் மறக்காமல் ஒரு சேலை எடுப்பார். மெல்லிய நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. வருடா வருடம் அதேதான்.

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது எல்லாப் பெண்களும் ஒன்றுதான். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, கைலி, தலையில் துண்டு, அதன்மேல் தொப்பி, முதுகில் கூடை. யார் கட்டினவள், யார் கட்டாதவள், யார் இழந்தவள் என்று கங்காணியே கிட்டே வந்து பார்த்தால்தான் உண்டு. அத்தை அங்கே சத்தமாகச் சிரிப்பாள், பக்கத்து நிரைக்காரியோடு வம்பளப்பாள். சாயங்காலம் குளித்து வெள்ளைச் சேலையை உடுத்தியதும் குரல் இறங்கிவிடும். ஒவ்வொரு நாளும் அவள் மறுபடியும் ஒரு தடவை விதவையாவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி வாழ்ந்தவளுக்குத் தன்னைப் போலவே உடுத்திய ஒரு சாமி மரத்தடியில் கிடைத்தால் விட்டுவிட்டு வருவாளா?

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு வரன் வந்தது. கீழே, பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் குடும்பம். மாப்பிள்ளை மின்சார வேலை தெரிந்தவர். ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா அன்று மாலை அலமாரியைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"தங்கச்சி, அவங்க வர்றதுக்குள்ள இத இருந்த எடத்துலயே வச்சுட்டு வந்துரு. நல்ல காரியம் பேசுற வீட்டுல இது ஆகாது. நீயும் அன்னிக்கு ஒரு பொழுது பக்கத்து வீட்டுல இருந்துக்க. தப்பா எடுத்துக்காத."

அத்தை தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் போயிடுறேண்ணே. இவ இருக்கட்டும். இவளுக்குப் போக எடமில்ல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சரி என்று சொல்லவில்லை என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அத்தை தனக்காக ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. தான் ஒளிந்துகொள்ளச் சம்மதித்துவிட்டு, பொம்மைக்கு இடம் கேட்டாளே, அதுதான் என்னை உறுத்தியது.

எனக்கு வீட்டில் போலீஸ்காரி என்று பட்டப்பெயர். எதையும் நோண்டாமல் விடமாட்டேன். இந்தச் சாமி யார், ஏன் வெள்ளை, கையில் என்ன இலை, சொம்பில் என்ன இருக்கிறது என்று மண்டைக்குள் கேள்வி ஊற ஆரம்பித்தது. அது விதவை இல்லை என்று மட்டும் காட்டிவிட்டால் அப்பா வாயை அடைத்துவிடலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

முதலில் எங்கள் மாரியம்மன் கோயில் பண்டாரத்திடம் போனேன். அவர் வீட்டுக்கே வந்து சிலையைப் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லாமல் தீர்ப்புச் சொன்னார்.

"இது மாரியாத்தாதான் புள்ள. பாரு, கையில வேப்பில. அந்தக் கையில தீர்த்தச் சொம்பு. சீனவங்க செஞ்சா சீன மொகம் வரத்தானே செய்யும்?"

எங்கள் மலையில் வேப்பமரம் கிடையாது. குளிருக்குப் பிழைக்காது. நட்டுப் பார்த்தவர்கள் உண்டு, ஒரு முழம் வளர்ந்து கருகிவிடும். ஆடித் திருவிழாவுக்கு வேப்பிலை தாப்பாவிலிருந்து லாரியில் வரும். வந்ததும் அம்மனே வந்துவிட்ட மாதிரி பெண்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு கொத்து எடுத்துக்கொள்வார்கள். வருடத்தில் சில நாள் மட்டும், அதுவும் வாடிய நிலையில் பார்க்கிற இலை என்பதால், நீளமாக மெல்லியதாக எதைப் பார்த்தாலும் எங்களுக்கு வேப்பிலைதான்.

"சரி, மாரியம்மன்னா மஞ்சளோ செவப்போல்ல கட்டியிருக்கணும்? இது ஏன் வெள்ளை?" என்று கேட்டேன்.

"சாயம் போயிருக்கும்."

"நம்ம கோயில் அம்மனுக்கு வருஷா வருஷம் தாலி மாத்துறோமே, அவங்க புருஷன் யாரு?"

"ஈஸ்வரன்."

"அவர் எங்க? நம்ம கோயில்ல அம்மன் மட்டும் தனியாத்தானே இருக்காங்க?"

"அவரு சுடுகாட்டுல ஆடிக்கிட்டிருப்பாரு. ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று பண்டாரம் எழுந்து போய்விட்டார். ஆனால் எனக்கு அது பெரிய கேள்வியாகத்தான் பட்டது. பக்கத்தில் துணை இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கிற அம்மனுக்குச் சிவப்புச் சேலையும் குங்குமமும் உண்டு. தனியாக இருக்கிற அத்தைக்கு இல்லை. அது ஏன் என்று அந்த மலையில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்தவர், இளவயது, நிறையப் படிப்பார். சிலையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளை உடை, காலடியில் தாமரை. நம்ம முறைப்படி பார்த்தா இது கலைமகள்மா. வெள்ளைன்னா தூய அறிவு. தாமரை சேத்துல முளைக்கும், சேறு ஒட்டாது. அப்படி இருக்கணும்னு அர்த்தம்."

"வீணை எங்க சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அதான் எனக்கும் தெரியலை. சாமி கையில இருக்கிறது, காலடியில இருக்கிறது எல்லாமே அடையாளம்தான். அர்த்தத்தை மனுஷங்கதான் வச்சாங்க. இவங்க வச்ச அர்த்தம் என்னன்னு இவங்களைக் கும்பிடுறவங்களைத்தான் கேக்கணும்."

இதை வந்து அத்தையிடம் சொன்னேன். வெள்ளை என்றால் விதவை மட்டும் இல்லை, சரஸ்வதியும் வெள்ளைதான் என்று அடித்துப் பேசினேன். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரஸ்வதிக்குப் புருஷன் இருக்காரே புள்ள. அவ வெள்ளையும் என் வெள்ளையும் ஒண்ணா?" என்றாள். முறத்தைத் தட்டிவிட்டு, அலமாரிப் பக்கம் தலையைச் சாய்த்தாள். "இவதான் என்னாட்டம். பாரு, முக்காட்டக்கூட ஒழுங்கா இழுத்துப் போட்டிருக்கா. ஒரு வெரலு வேற போயிருச்சு. இவ்வளவும் ஆயி, மூஞ்சில ஒரு கோவமில்ல. அது எப்படின்னுதான் நான் தெனமும் பாத்துக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் நான் எந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறேன் என்று புரிந்தது. பொம்மை விதவை இல்லை என்று நான் காட்டினால் அது வீட்டில் இருக்கும். ஆனால் அத்தைக்கு இருந்த ஒரே கூட்டாளி போய்விடுவாள். விதவையாகவே விட்டுவிட்டால் பொம்மை மரத்தடிக்குப் போகும். எது நல்லது என்று தெரியவில்லை. தெரியாவிட்டாலும் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நான் அப்போது திரிங்காப்பில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து முட்டைக்கோஸை வெளி இலை கழித்து, செய்தித்தாளில் சுற்றி, கூடையில் அடுக்க வேண்டும். சாயங்காலம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதலாளியை எல்லோரும் தவுக்கே என்போம். அவர் மனைவியும் எங்களோடு உட்கார்ந்து கோஸ் சுற்றுவார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். அதில் கோஸ் விலை பேசலாம், மழையைத் திட்டலாம். சாமியைப் பற்றிப் பேச வார்த்தை போதுமா என்று பயமாகத்தான் இருந்தது.

கையால் முக்காடு போட்டுக் காட்டினேன், சொம்பு பிடித்துக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் அந்தச் சாமி இருக்கிறதாம். பெயரைச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டுக் கொட்டகையே சிரித்தது.

"ஜண்டாவா?" என்று கேட்டேன். மலாயில் கைம்பெண்ணுக்கு அந்தச் சொல்தான்.

அவர் கையிலிருந்த கோஸை மடியில் வைத்துவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தார். இல்லவே இல்லை என்றார். அவள் ஒரு ராஜா மகள். அவளுடைய அப்பா கல்யாணம் செய்துகொள் என்று அடித்தார், வைதார், பட்டினி போட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கடைசிவரை கட்டிக்கொள்ளவே இல்லை. உலகத்தில் யார் எங்கே அழுதாலும் அவளுக்குக் கேட்கும். அவருடைய மாமனார் மட்டும், ஆதியில் அது ஆண் சாமி, பிறகுதான் பெண்ணானது என்று சண்டை போடுவாராம். "கிழவருக்கு எல்லாமே ஆண்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

இலை என்ன இலை என்று கேட்டேன். தண்ணீர் ஓரத்தில் வளருகிற ஒரு மரம், கிளை கீழே தொங்கும் என்று கையைத் தொங்கப்போட்டுக் காட்டினார். எங்கள் வேப்பிலை இல்லை. ஆனால் அந்த இலையைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து நோயாளி மேல் தெளிப்பாளாம், சூடு தணியுமாம். இலை வேறு, மரம் வேறு, வேலை மட்டும் அப்படியே எங்கள் மாரியம்மன் செய்கிற வேலை. பண்டாரம் தப்பாகப் பார்த்து, சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அவருடைய மாமியார் போன வருடம் இறந்தபோது அவர் வெள்ளை உடுத்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "உங்களுக்கும் சாவுக்குத்தானே வெள்ளை? அப்புறம் அவள் மட்டும் ஏன் வெள்ளை உடுத்துகிறாள்?"

அவர் யோசித்தார். பக்கத்திலிருந்த இன்னொரு சீனப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மறுபடி கோஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத விஷயம் மாதிரி சொன்னார்: "டியா சுகா லா."

அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

அன்று காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு பிரிஞ்சாங் வரை வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று வழி முழுவதும் மாற்றி மாற்றி நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதுதான் என் லட்சணம். அம்மா அடுப்படியில் இருந்தாள், அப்பா வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார், அத்தை குளித்து வெள்ளையில் இருந்தாள்.

ராஜா மகள் கதையைக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "கன்னிச் சாமியா? அதச் சொல்லு. கன்னிப் பொண்ணுக்குப் பேசுற வீட்டுல கன்னிச் சாமி இருந்தா நல்லதுதானே."

அப்பாவும் தலையாட்டினார். "அப்படின்னா இருக்கட்டும். வெரலு போனது தெரியாம ஒரு பூவை வச்சு மறைச்சுருங்க." பிறகு அத்தை பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "நீ மட்டும் அன்னிக்குப் பக்கத்து வீட்டுல இருந்துக்க தங்கச்சி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ விட்டுப்போன பீங்கான் பொம்மைக்கு வீட்டில் இடம் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொடுத்தது நான். கூடப் பிறந்தவளுக்குக் கிடைக்கவில்லை. அப்பாவிடம் எதிர்த்துப் பேச வாய் எடுத்தேன். அத்தை என்னைப் பேச விடவில்லை.

"வெள்ளை உடுத்தச் சொல்லி அவகிட்ட யாரும் சொல்லலையா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லத்தை. அவளுக்குப் பிடிச்சிருக்காம். அதனால உடுத்துறாளாம்."

அத்தை எழுந்து அலமாரிக்கு எதிரே போய் நின்றாள். வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். கூட்டாளியைப் பறித்துவிட்டேன் என்று எனக்கு அழுகையாக வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. அவர்கள் கீழ்நாட்டு ஆட்கள் ஆனதால் வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை விடிந்ததுமே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பருமனான, அதிகம் பேசாத பெண்மணி. வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டிவிட்டு அலமாரியில் நிறுத்தினார்.

"அந்த வெள்ளச் சாமி யாரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். பதில் பின்கதவுப் பக்கமிருந்து வந்தது.

"அது ஒரு ராஜா மகளுங்க."

அத்தை தேத்தண்ணித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியின் அடியில் கிடந்து மடிப்பெல்லாம் வெளிறியிருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

"நீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பொண்ணுக்கு அத்தை. என் வீட்டுக்காரர் லாரி விபத்துல போயிட்டாரு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க." தட்டை அவர் முன்னால் நீட்டினாள். "அவளுக்கு வெள்ளை பிடிக்குமாம், உடுத்தியிருக்கா. எனக்குப் பிடிக்கலை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் கை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. இந்தச் சம்பந்தம் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன், அக்காவைப் பார்த்தால் அப்படி நினைக்கவும் முடியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "சீனி பத்தல. ஆனா சூடா இருக்கு. இந்தக் குளிருக்கு இதான் வேணும்" என்றார். மகனைத் திரும்பிப் பார்த்து, "நீயும் எடுத்துக்கடா" என்றார். தையில் கல்யாணம் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

அப்பா அத்தையிடம் பல நாள் பேசவில்லை. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அடி விழும் என்பதால் அதை மட்டும் கேட்கவில்லை. அத்தை மறுபடி வெள்ளை உடுத்தவில்லை. அதற்காக வீட்டில் வேறு சேலை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பச்சையையே துவைத்துத் துவைத்துக் கட்டினாள்.

தீபாவளி வந்தது. அப்பா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிரிஞ்சாங் துணிக்கடைக்குப் போனார். எங்களுக்கெல்லாம் எடுத்து முடித்தார். கடைக்காரர் பழக்கத்தில் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையை எடுத்து மேலே வைத்தார். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மெதுவாக ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"பச்சை" என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். பச்சை அவள் புருஷன் எடுத்துக் கொடுத்தது. சொம்பில் என்ன, இலை என்ன, பீங்கான் பொம்மைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று மலை முழுக்க விசாரித்தவள் நான். எனக்கும் தெரியவில்லை.

"அவங்களையே கேளுங்கப்பா" என்றேன்.

எடுத்த துணிகளைக் கடையிலேயே வைத்துவிட்டு, அப்பா என்னோடு தோட்டத்துக்குத் திரும்பி நடந்தார். அத்தை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். அத்தனை நாள் கழித்து முதல் வார்த்தையாக அதைக் கேட்டார்.

"தங்கச்சி, ஒனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"தெரியலண்ணே" என்றாள். "யாரும் கேட்டதில்லையே. யோசிச்சுச் சொல்றேன்."